பர்கூரைக் கைவிட்டேன்

நூற்றிப் பன்னிரண்டாம் சுற்றில்
பர்கூரைக் கைவிட்டேன்.

ஊர்களுக்கு நான்தான் பெயர் வைப்பேன்.
விளையாட்டு தரும் பெயர்கள் வாயில் நுழையாதவை.
தலைநகர் எப்போதும் கிருஷ்ணகிரி.
ஆற்றோரம் அமைந்தால் காவேரிப்பட்டணம்.
குதிரை மேயும் புல்வெளிக்குச் சூளகிரி.
மூன்று பக்கமும் பகை தொடும் முனைக்கு
எதற்கென்று யோசிக்காமல் பர்கூர்;
அக்காவைக் கட்டிக்கொடுத்த ஊர்.

டோல்கேட்டில் ஏழாம் லேன், இரவு ஷிஃப்ட்.
ஃபாஸ்டேக்கில் பணமிருக்கும் வண்டிகளுக்கு
கம்பம் தானே எழுந்துகொள்கிறது.
பணம் தீர்ந்தவர்களுக்கு மட்டும் நான்.
விடிந்து பழையபேட்டை அறைக்கு வந்தால்
தூங்குமுன் பத்துச் சுற்று.
பத்து என்பது ஒரு பேச்சுக்கு.

மூன்றாம் நிலையில் நான் பெரிய அரசன்.
கோயில் கட்டினேன், நூலகம் கட்டினேன்,
எல்லையில் ஒரு ஆள் போடவில்லை.
எதிரி வந்தான்,
எதையோ மறந்து வைத்தவன்போலத் திரும்பிப்போனான்.
வென்றேன்.
எதனால் என்று யாரும் கேட்கவில்லை,
நானும்.

நான்காவதில்
அத்தனை பிழைக்கும் வட்டி போட்டு வாங்கினார்கள்.

எட்டாம் லேன் சென்னகேசவன் சொன்னான்:
'சண்டைக்கு முன்னாடி சேவ் பண்ற,
தோத்தா மறுபடி திறக்கற.
அதுக்குப் பேரு விளையாட்டு இல்லடா,
ஜோசியம்.'

அன்றிலிருந்து திரும்பத் திறப்பதில்லை.
பதினோரு முறை தோற்றேன்.
செத்த சுற்றுகளை ரசீதுத்தாளின் முதுகில் குறித்தேன்:
அறுபத்து நான்கு, எழுபது,
ஐம்பத்தெட்டு (அன்றைக்குக் காய்ச்சல்),
எண்பத்தொன்பது.
முதல் நாற்பது சுற்றுக்குக் கோயில் பேச்சே கூடாது.
பக்கத்து அரசன் பரிசு அனுப்பினால்
பரிசைப் பார்க்காதே, அவன் படை நிற்கும் இடத்தைப் பார்.

சன்னலுக்கு வெளியே சையத் பாஷா மலை.
ஆறு வருடமாக அது
மதிய வெயிலைக் கக்கும் பாறை, அவ்வளவுதான்.
இப்போது
எந்தச் சரிவில் ஏற மூன்று சுற்று ஆகும்,
எந்த விளிம்பில் இரண்டே வில்லாளி போதும் என்று
கண் தானாகக் கணக்குப் போடுகிறது.
எதிர்மாடியில் துணி காயப்போட்ட பெண்
என்ன வெறிக்கிறான் இவன் என்று
படாரென்று கதவைச் சாத்தினாள்.

ஆறாம் நிலையில்தான் தெரிந்தது,
எதிரிக்குப் புத்தி கூடவில்லை.
மூன்றில் இருந்த அதே மடையன்தான்.
தொடங்கும்போதே அவனுக்கு மூன்று ஊர், எனக்கு ஒன்று.
என் வயலில் இரண்டு மூட்டை என்றால்
அவன் வயலில் மூன்று.
கடினம் என்பது இவ்வளவுதான்.
தெரிந்த அன்று கொஞ்சம் கோபம் வந்தது.
அப்புறம், ஏற்கெனவே அறிந்த சேதிபோலப்
பழகிவிட்டது.

நூற்றிப் பன்னிரண்டு.
பர்கூருக்கு வெளியே பதினான்கு படை,
உள்ளே எனக்கு மூன்று.
பழைய ஆளாக இருந்திருந்தால்
மானம் என்று மூன்றையும் சாகக் கொடுத்திருப்பேன்.
களஞ்சியத்தை விற்றேன். மதிலை விற்றேன்.
மூவரையும் பின்னிழுத்துக்
கணவாயில் நிறுத்தினேன்.
அங்கே பதினான்கும்
ஒவ்வொன்றாகத்தான் நுழைந்தாக வேண்டும்.

மதியம் அக்கா போன் பண்ணினாள்.
நல்லா இருக்கியாக்கா என்று
மூன்று தடவை கேட்டேன்.
'என்னடா ஆச்சு, குடிச்சியா?' என்றாள்.

நூற்றித் தொண்ணூற்றாறில் ஆறாம் நிலை முடிந்தது.
திரையில் வாணவேடிக்கை.
பர்கூர் மட்டும் கடைசிவரை
அவர்கள் நிறத்திலேயே இருந்தது.

ஏழாம் நிலையை அழுத்தினேன்.
முப்பத்தொன்றில் செத்தேன்.

இரவு, பணம் தீர்ந்த தக்காளி லாரி ஒன்று.
பின்னால் ஹாரன்கள்.
சட்டைப் பை, டேஷ்போர்டு, மறுபடி சட்டைப் பை
என்று தடவிக்கொண்டிருந்தார் டிரைவர்.
'நிதானமாப் பாருங்கண்ணா,
உங்க சுற்றுதான்' என்றேன்.
ஒருமாதிரி பார்த்தார்.